ரோஸ் கோடு வராத தாள்

அருள்,

நீ மேல்விஷாரத்துக்குப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். இதற்குள் மூன்று தடவை போன் பண்ணினாய். சாப்ட்டியா, சாப்ட்டேன், ரூம்ல தண்ணி வருதா, வருது. அதற்கு மேல் நம் இருவருக்கும் பேச்சு நகரவில்லை. நான் சொல்ல வேண்டியதைப் போனில் ஆரம்பித்தால் நீ "சரி விடும்மா" என்று வைத்துவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். அப்படி விட்டு விட்டுத்தான் இரண்டு மாதத்தை ஓட்டினேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு ரூமில் இருக்கிற மற்ற பையன்களிடம் நீ காட்டினாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா எதையாவது சொல்லாமல் வைத்திருப்பாள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிண்டரைக் கெடுத்தது நீ இல்லை. நான். நீ ஊற்றிய குழாய்த் தண்ணீரால் அது கெடவில்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கைராசி இல்லம்மா, எதத் தொட்டாலும் அடைச்சிக்குது, பேசாம கம்பெனிக்கே போறேன்" என்றாயே, அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் நான் செய்தது எனக்கே விளங்கும். இருபது வருஷமாக ஷூ கம்பெனியில் டச்சப் டேபிளில் உட்காருகிறேன். தைத்து, ஒட்டி வருகிற ஷூவில் எங்காவது கீறல் இருந்தால், நிறம் போயிருந்தால், சின்னச் சின்ன பாட்டில்களில் இருக்கும் கலரைக் கலந்து, பஞ்சில் தொட்டு, அந்த இடமே தெரியாமல் ஆக்குவது என் வேலை. பர்கண்டி என்று ஒரு சிவப்பு. அதிலேயே நான்கு விதம் வரும். நான்கையும் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தே பிரித்துச் சொல்வேன். ஒரு ஜோடியில் இடது கால் வலது காலைவிட ஒரு சாயல் கம்மியாக இருந்தால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும். மாட்டுத் தோலின் நிறத்துக்கு அவ்வளவு மரியாதை. அந்தத் தோலைத் தொடுகிறவளின் தோலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் வரிசையாக நிறுத்தி, தடவிப் பார்த்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து அனுப்புவதோடு சரி.

நீ அங்கே வரக் கூடாது என்றுதான் டிப்ளமோ படிக்க வைத்தேன். முடித்துவிட்டு பஜாரில் அந்த போட்டோ ஸ்டூடியோவில் வேலை கேட்டுப் போனாய். கம்ப்யூட்டரில் நீ செய்து காட்டியதைப் பார்த்து "நல்லா பண்றியே" என்றாராம் ஓனர். அடுத்த கேள்வி, "வீடு எங்கப்பா?" நீ தெருவின் பெயரைச் சொன்னாய். "சொல்லி அனுப்புறேன்" என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. நீ அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாய். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. நாமே வீட்டில் போட்டோ அடிப்போம், எவன் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று அந்த மாதமே பிரிண்டர் வாங்கினோம். நாலு டேங்க் வைத்த இங்க்ஜெட். கறுப்பு, நீலம், மஞ்சள், ரோஸ். நீ மெஜந்தா என்பாய். எனக்கு அது ரோஸ்தான்.

முதல் வாரம் எல்லா முகமும் செங்கல் மாதிரி வந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் "மெஷினு மட்டம்டா, மாத்திக் குடுக்கச் சொல்லு" என்றேன். நீ மெஷினைத் திட்டவில்லை. உட்கார்ந்து பார்த்தாய். "மெஷின் மேல தப்பு இல்லம்மா. நாம போட்டோ பேப்பர வெச்சிட்டு அதுகிட்ட சாதா பேப்பர்னு சொல்லியிருக்கோம். அது தெரியாம இங்க்க தப்பா கொட்டுது" என்றாய். பேப்பர் வகையை மாற்றினாய். தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டுகிற ஏதோ ஒன்றை நிறுத்தினாய். அப்புறம் என் போட்டோவை நாலு தடவை அடித்து, ஜன்னல் பக்கம் என்னை நிற்க வைத்து, தாளை என் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாய். "மஞ்ச ஜாஸ்திடா, கொஞ்சம் இறக்கு" என்று நான் சொன்னேன். ஐந்தாவது தாளில் நான் நானாகவே வந்தேன். கறுப்பாக, கழுத்துச் சுருக்கத்தோடு. "இந்தக் கண்ண வெச்சிக்கினு நீ இன்னாத்துக்கும்மா செருப்புக்குக் கலர் அடிக்கற?" என்றாய். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

பள்ளிக்கூட ஆர்டர் ஜூனில் வந்தது. நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம், திங்கட்கிழமை காலைக்குள். சரியாகக் கொடுத்தால் வருஷம் முழுக்க அவர்கள் வேலை நமக்கு, ஆலங்காயத்தில் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கும் சொல்கிறேன் என்று பள்ளிக்கூடத்து கிளார்க் சொன்னார். மாதிரிக்கு நீ கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு அவர் இழுத்தாராம்.

"தம்பி, பசங்க ரொம்ப டல்லா இருக்காங்க. கொஞ்சம் கலரா பண்ணிக் குடு."

"சார், அவங்க கலரே அதான் சார்."

"டேய், அது எனக்குத் தெரியாதா? பாக்கறதுக்குப் பளிச்சினு இருக்கணும்ல."

"பளிச்சினு இருக்கும் சார். பவுடர் அடிச்ச மாதிரி இருக்காது."

அவர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார் என்று வந்து சொன்னாய். உன்னிடம் இருந்த ஒரே திமிர் அதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த திமிர்.

இனி என் தப்புக்கு வருகிறேன். அது ஒன்று இல்லை, இரண்டு. முதலாவது, சுவிட்ச். கம்பெனியில் பெல் அடித்ததும் சூப்பர்வைசர் கத்துவார், மெயினை ஆஃப் பண்ணிட்டு எழுந்திரிங்க என்று. இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் கை தானாகவே சுவருக்குப் போகும். நீ தெளிவாகத்தான் சொல்லியிருந்தாய். "பட்டன அமுக்கித்தான் ஆஃப் பண்ணணும்மா. அப்போதான் இங்க் துப்பற அந்தத் தலை ஓரமா போய் மூடிக்கும். சுவத்துல ஆஃப் பண்ணா நடுவுலயே வாயத் தொறந்துகினு நின்னுடும், இங்க் காஞ்சிடும்." நான் சரி என்றேன். நீ பிள்ளைகளைப் படம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு அலைந்த அந்த நாலு நாளும், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் சுவரில் அணைத்துவிட்டுத்தான் போனேன். தகரக் கூரை, ஜூன் வெயில். மெஷின் வாயைத் திறந்தபடி நாலு நாள் வெந்தது.

வியாழக்கிழமை நீ அடித்த முதல் தாளில் பிள்ளைகள் எல்லாரும் பாசி பிடித்த மாதிரி பச்சையாக வந்தார்கள். நீ பதறவில்லை. சோதனைத் தாள் ஒன்றை அடித்துக் காட்டினாய். கறுப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் படிக்கட்டு மாதிரி முழுக் கோடாக நின்றன. ரோஸ் மட்டும் அங்கங்கே அறுந்து கிடந்தது. "ரோஸ் வரலன்னா மஞ்சளும் நீலமும் சேந்து பச்சையாத்தான் வரும்மா. அடைச்சிருக்கு, அவ்ளோதான்" என்றாய். மெஷினே இங்க்கைத் தள்ளித் தலையைக் கழுவிக்கொள்ளுமே, அந்த கிளீனிங்கைப் போட்டாய். மறுபடி தாள் அடித்தாய். கொஞ்சம் சேர்ந்தது. இன்னொரு தடவை போட்டாய். "இதுக்கு மேல தொடர்ந்து போட்டா இங்க்தான் வீணா போவும். சும்மா உடணும், அதுவா ஊறட்டும்" என்று பட்டனை அமுக்கி அணைத்துவிட்டுப் படுத்தாய். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு இடைவெளி தவிர ரோஸ் கோடு முழுசாக வந்துவிட்டது. பாதி வெற்றி உன்னுடையது, அருள். அதை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. ஏன் காய்ந்தது என்று மட்டும் நீ யோசித்துக்கொண்டே இருந்தாய். "வெயில்தான் போலருக்கு" என்றாய். நானும் "வெயில்தான்டா" என்றேன்.

ஆனால் கிளீனிங் குடித்ததில் ரோஸ் டேங்க் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் பூராவும் சுற்றிவிட்டு வந்தாய். "கறுப்பு இருக்குதாம், ரோஸ் எங்கியும் இல்ல. நாளைக்கு மிச்சம் இருக்கற இருவது பசங்கள எடுக்கணும். ஞாயித்துக்கிழமை வேலூர் போய் வாங்கினு வந்துடறேன். அங்கயும் இல்லன்னாதான் பேஜார்" என்றாய். இல்லன்னா என்று நீ சொன்ன அந்த வார்த்தை என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது.

சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது உன் சோதனைத் தாளில் ரோஸ் கோடு இருந்த ஓரத்தைக் கிழித்து பர்ஸில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியானத்துக்கு மேல் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனபோது அதை எடுத்து டேபிளில் வைத்து, சிவப்பில் ஊதாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலந்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. தாளில் இருந்த ரோஸுக்கும் என் ரோஸுக்கும் ஒரு இழை வித்தியாசம் இல்லை. சின்ன பாட்டிலில் ஊற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவில் மிச்சச் சோற்றுக்கு அடியில் வைத்தேன். இருபது வருஷத்தில் அந்த கேட்டை விட்டு ஒரு நூல்கண்டு எடுத்து வந்ததில்லை நான். சோதனை போடுகிற பெண் மூடியைத் திறந்து பார்த்தாள். "இன்னாக்கா, சோறு அப்படியே இருக்குது, சாப்டலியா?" என்றாள். "பசிக்கல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் ஏறிப் போனதும், கலரில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, மருந்து ஊற்றுகிற டிராப்பரால் ரோஸ் டேங்கில் கீழ்க்கோடு தொடும் அளவுக்கு விட்டேன். நீ காட்டியபடி கிளீனிங் போட்டேன். பிள்ளைகள் படத்தைத் தொடப் பயமாக இருந்தது. கம்ப்யூட்டரில் உன் பாஸ்போர்ட் போட்டோ இருந்தது. அதை அடித்தேன். நீ வந்தாய். அப்படியே நீ. உன் நெற்றியின் நிறம், உதட்டின் நிறம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். என் கண்ணும் கையும் என் வீட்டுக்கென்று ஒரு வேலை செய்த ஒரே நாள் அது. அந்த தைரியத்தில் பிள்ளைகள் தாள் ஒன்றை அடித்தேன். எட்டு முகமும் சரியாக வந்தது. இரண்டாவது தாளில் பாதிக்கு மேல் வரிவரியாகப் பச்சை ஏறியது. மூன்றாவதில் ரோஸே இல்லை. பயந்துபோய் அணைத்தேன். சுவரில். கெட்ட தாள்களோடு அந்த நல்ல தாளையும் கிழித்து அடுப்பில் போட்டேன். அதை நீ பார்த்தால் ரோஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உன் போட்டோவை மட்டும் கிழிக்க மனசு வரவில்லை.

மத்தியானம் நீ ரோஸ் பாட்டிலோடு வந்தாய். சட்டை முழுக்க வேர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு. "கெடச்சிடுச்சும்மா, கடைசி பாட்டில்." என் கலரின் மேலேயே அதை ஊற்றி நிரப்பினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைத் தாளில் ரோஸ் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக வந்தது. கிளீனிங் போட்டாய், விட்டாய், போட்டாய், விட்டாய். சாயங்காலம் வேறு வழியில்லாமல் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துத் துளையில் விட்டாய். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் வேண்டும் என்று உனக்குத் தெரியும், அது வீட்டில் இல்லை. குழாய்த் தண்ணீர்தான் இருந்தது. டம்ளரில் வெள்ளையாகப் படிந்து, தேய்த்தாலும் போகாத நம் தண்ணீர். ஒன்றும் நடக்கவில்லை. அது ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை நீ ஒரு நாள் தவணை கேட்டதற்கு கிளார்க் போனிலேயே சொன்னார், ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டேன் என்று. பஜாரில் இருக்கிற அதே ஸ்டூடியோ. இப்போது அந்த அட்டைகளை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் நம் தெரு வழியாகத்தான் போகிறார்கள். எல்லாரும் மாவில் புரண்டு எழுந்த மாதிரி இருக்கிறார்கள்.

புதன்கிழமை பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு வேலூர் போனோமே, அந்த சர்வீஸ்காரர் தலையைக் கழற்றி இடுக்கியால் ஏதோ உரித்தார். மெல்லிசாக, சிவப்பாக, வெங்காயத் தோல் மாதிரி வந்தது. "இது இங்க் இல்லியே. இன்னாப்பா ஊத்தின?" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு "குழாய்த் தண்ணி சார்" என்றாய். "எந்த ஊரு?" "ஆம்பூர்." அவர் சிரித்தார். "அப்போ சரி. அந்தத் தண்ணிக்கு மனுசனுக்கே கல்லு வருது, மெஷின் எம்மாத்திரம்." தலை மாற்றுவதற்குப் புது மெஷினே வாங்கலாம் என்றார். நான் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் டேபிள் கலர். ஷூமேல் பிடித்து நிற்பதற்காக அதில் பைண்டர் என்று ஒரு பசை கலந்திருக்கும். காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. மழையில் நடந்தாலும் நிறம் போகக் கூடாது என்பதற்குத்தான் அது. இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். கலரைப் பார்த்தேன், பசையை மறந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்குப் பயந்து இல்லை. நீ கத்தியிருப்பாய், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. திருடியதும் வீண், கலந்ததும் வீண், உன்னை வாழவைக்கப் போன கையே உன் பிழைப்பை அடைத்தது. தண்ணீர் மேல் பழி விழுந்தது வசதியாகவும் இருந்தது. தோல் கழிவை விட்டு இந்தத் தண்ணீரைக் கெடுத்தவர்கள் கேன் தண்ணீர் குடிக்கிறார்கள், ஒருநாளும் ஒருவரும் நான்தான் என்று சொன்னதில்லை. நானும் அவர்களைப் போலவே பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் நீ தண்ணீர் மேல் பழியைப் போடவில்லை. உன் மேல் போட்டுக்கொண்டாய். ஒன்றரை மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். காண்ட்ராக்டர் வந்து ஆள் வேண்டும் என்றபோது, என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாய்.

திரும்பி வா என்று எழுத எனக்கு வாய் இல்லை. வந்து என்ன செய்வாய்? மெஷின் செத்துப்போனது. பள்ளிக்கூடம் ஸ்டூடியோவிடம் போய்விட்டது. இன்னொரு மெஷின் என்று நான் பேசினால் அது பொய். அங்கே உன்னைத் தோலுக்குக் கலர் ஸ்பிரே அடிக்கிற செக்‌ஷனில் போட்டிருப்பதாகச் சொன்னாய். நான் எந்த இடத்துக்கு நீ வரக் கூடாது என்று நினைத்தேனோ, அதற்குப் பின்கட்டு வழியாக வந்து நிற்கிறாய். மாஸ்க்கைக் கழற்றாதே. அவசரம், சீக்கிரம் என்று கத்துவார்கள், அதற்காகக் கையுறை இல்லாமல் தொடாதே. கை எரிந்தால் அன்றைக்கே சொல், பழகிவிடும் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. பழகாது, தோல்தான் தடித்துப்போகும். நீ உதவாக்கரை என்று யாராவது சொன்னால், நீயே சொல்லிக்கொண்டாலும், மெயினை அணைத்தது யார் என்று ஒரு தடவை பார். இதற்கு மேல் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

நான் எழுதியதில் சந்தேகம் இருந்தால் நீ நிற்கிற இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். அங்கே டிரம்மில் இருப்பதும் அதே பைண்டர்தான். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவை. நகத்தால் நிமிண்டினால் சவ்வாக உரிந்து வரும். வேலூரில் நாம் பார்த்தது அதுதான். உன் குழாய்த் தண்ணீர் இல்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நேற்று அடித்த சோதனைத் தாள். கறுப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் இன்னும் முழுசாக வருகின்றன. நான்காவது இடம் வெள்ளையாக இருக்கிறதே, அது நான் செய்தது. எங்கேயாவது உன் கண்ணில் படும்படி ஒட்டி வை. உன் போட்டோவை அனுப்ப மாட்டேன். என் ரோஸில் சரியான நிறத்தில் வந்ததில் மிஞ்சியிருக்கிற ஒரே முகம் அது, என் சாப்பாட்டு டப்பாவில் இருக்கிறது. கேட்டில் அந்தப் பெண் திறந்து பார்த்துவிட்டு "உன் பையனாக்கா? நல்லா வந்திருக்குது" என்றாள். மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மெஷினை எடைக்குப் போட மனசு வரவில்லை. தினமும் வேலைக்குப் போகும் முன்னால் ஒரு தாள் அடிக்கிறேன். ரோஸ் வருவதில்லை. இப்போதெல்லாம் பட்டனை அமுக்கித்தான் அணைக்கிறேன். அந்தத் தலை நகர்ந்து ஓரமாகப் போய் மூடிக்கொள்ளும் சத்தம் வரும்வரை நின்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் சுவருக்குக் கையைக் கொண்டுபோகிறேன்.

அம்மா